நட்சத்திர மீன் என்ன சாப்பிடும்?

“இதுக்கு ஒண்ணும் போட வேணாங்க, தானே மேஞ்சுக்கும்.” கடல் மீன் விற்கும் கடையில் நீல நட்சத்திர மீனைக் காட்டி, என்ன தீனி என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இது. கேட்டதும் வாங்குபவருக்கு நிம்மதி. கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்கும், மிச்சம் மீதியைத் தின்னும், தனிச் செலவு கிடையாது. அப்படி வாங்கிப் போன நீல நட்சத்திரம் சில மாதங்கள் தொட்டியில் ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு கை நுனி வெளுக்கும், தோலில் குழி விழும், ஓரிரு நாளில் கரைந்துபோகும். தண்ணீரில் ஏதோ கோளாறு என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் நன்றாகவே இருந்திருக்கலாம். வந்த சில வாரத்திலிருந்தே அது பட்டினி கிடந்திருக்கும்.

மீன்கள் பசித்தால் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நட்சத்திர மீன் எதையும் காட்டிக்கொள்ளாது. உடம்பில் சேர்த்து வைத்திருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் இதை வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வகைக்கு நம் கையால் தீனி கொடுக்க முடியுமா என்பதுதான். முடியும் என்றால் வாங்கலாம். தானே மேய்ந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் அந்த வகையை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

அதற்குப் பிறகு வருவது தண்ணீர். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியில் ஒருவர் கடல்நீர்த் தொட்டி வைப்பதாக வைத்துக்கொள்வோம். மிக அருகிலுள்ள கடலே கடலூர்ப் பக்கம், சாலை வழியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போர் தண்ணீர் கடினமானது, கோடை வெயில் கடுமையானது. இரண்டையும் சமாளிக்கலாம். ஆனால் ஏன் சமாளிக்க வேண்டும் என்று புரிந்தால்தான் சலிக்காமல் செய்ய முடியும். அதற்கு இந்தப் பிராணியின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நட்சத்திர மீன் கடல் அட்டைக்கு உறவு. முள்தோலிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். நம்மைப் போல இரத்தத்தை இறைக்கும் இதயம் அதற்கு இல்லை. உடம்புக்குள் ஓடுவது பெரும்பாலும் கடல்நீர்தான். முதுகில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு சிறிய சல்லடைத் தட்டு இருக்கும். அதன் வழியாக உள்ளே போகும் நீர் குழாய்களில் பிரிந்து, கைகளின் அடியில் வரிசையாக இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களுக்குப் போகிறது. நடப்பது, பற்றுவது, சிப்பியைப் பிளப்பது எல்லாம் அந்த நீரின் அழுத்தத்தால் நடக்கிறது. மூச்சும் அந்தக் கால்கள் வழியாகவும், முதுகுத் தோலில் துருத்தும் மெல்லிய பைகள் வழியாகவும்தான். மூளை கிடையாது. ஆனால் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கண் உண்டு. நீல நட்சத்திரம் பாறைத் திட்டை அந்தக் கண்ணால் கண்டு அதை நோக்கித் திரும்புகிறது என்று ஆண்டர்ஸ் கார்ம், டான்-எரிக் நில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள்.

இப்படி உள்ளும் புறமும் ஒரே நீராக இருப்பதால் வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் அது நேராக உடம்புக்குள் தெரியும். எலும்புள்ள மீன்களுக்குச் சிறுநீரகமும் செவுளும் சேர்ந்து உப்பைச் சரிக்கட்டும். நட்சத்திர மீனுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுத் தொட்டியில் இறக்கும் நட்சத்திர மீன்களில், பட்டினியால் போனவை நீங்கலாக, பல உப்பின் ஏற்ற இறக்கத்தால் போனவை.

சரி, அந்த உப்புநீரை எப்படித் தயாரிப்பது? கடல்நீரில் இருப்பது உப்புதானே, மளிகைக் கடைக் கல் உப்பைக் கரைத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். கூடாது. காரணம் உப்பளத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் 85 சதவீதத்துக்குச் சற்று மேல் சோடியமும் குளோரைடும். மீதியில் மெக்னீசியம் 1.3 கிராம் அளவு, கால்சியம் 0.4 கிராம் அளவு, அவற்றோடு சல்பேட்டும் பொட்டாசியமும் இன்னும் பலவும். வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். அடுத்து உப்பு பூக்கும். மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். நம் அடுப்படிக்கு வருவது மற்றதையெல்லாம் நீக்கிய சோடியம் குளோரைடு. வெண்ணெயைத் தண்ணீரில் கலக்கிப் பாலாக்க முடியாது, இதுவும் அப்படித்தான். நட்சத்திர மீனின் தோலுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புத் தகடுகளுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் கல் உப்பில் வராது.

கடற்கரைக்குப் போய் கேனில் பிடித்து வரலாமே என்றால், அதுவும் யோசிக்க வேண்டிய வேலை. கரையோர நீரில் சாக்கடையும் ஆற்று நீரும் கலக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர்ப் பக்கம் ஆறுகள் நீரைக் கொட்டும்போது உப்பின் அளவே மாறிவிடும். 200 கிலோமீட்டர் தூரம் வண்டி வைத்துக்கொண்டு போய் அதைச் சுமந்துவருவதைவிட, கடல் தொட்டிக்கென்றே பாக்கெட்டில் வரும் செயற்கைக் கடல் உப்பு வாங்குவது மேல். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் நிறைந்த தெருக்களில் கிடைக்கும், தபாலிலும் வரும். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். 300 லிட்டர் தொட்டிக்கு 11 கிலோ.

எந்தத் தண்ணீரில் கலப்பது என்பதில்தான் நம்மூர்க்காரர் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீர் ஆகவே ஆகாது. சேலம், நாமக்கல் சமவெளி கடினப் பாறை நிலம். மாக்னசைட் வெட்டியெடுக்கும் மலைகளே சேலத்தில் இருக்கின்றன. அந்தப் பாறை வழியாக வரும் நீரில் சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் ஏற்கெனவே கரைந்திருக்கும், வயல் பக்கமானால் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட்டும் இருக்கும். குடிநீர்க் குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின். ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தை அப்படியே நம்பக் கூடாது. ருசிக்காகக் கொஞ்சம் பழைய நீரைத் திரும்பக் கலந்துவிடும் திருகு பல இயந்திரங்களில் இருக்கும். அதைவிட மோசம், செம்புச் சத்து சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்து விற்கப்படும் இயந்திரங்கள். மனிதருக்கு நல்லதோ இல்லையோ, நட்சத்திர மீனுக்குச் செம்பு நஞ்சு. இறால், நத்தை, நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு மிகச் சிறிய அளவே போதும். பாட்டி வைத்திருக்கும் செம்புக் குடத்தில் பிடித்து வைத்த நீரும் வேண்டாம், பித்தளைக் குழாயும் வேண்டாம். மீன்களின் தோலில் வெள்ளைப் புள்ளி வந்தால் கடையில் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் செம்புதான் மூலப்பொருள். மருந்து ஊற்ற வேண்டுமானால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் ஊற்ற வேண்டும்.

இயந்திரத்தைச் சரிபார்க்க வருபவரிடம், மெம்பிரேனை விட்டு நீர் வெளியே வரும் குழாயில், ருசி சேர்க்கும் பகுதிக்கு முன்னால், தனியாக ஒரு கிளை போடச் சொல்லலாம். அந்தக் கிளையில் அயனி நீக்கும் ரெசின் உருளை ஒன்றைப் பொருத்தினால் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அந்த நீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, சிறு மோட்டாரை ஓடவிட்டு, நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் சுற்றவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.026, அதாவது உப்பு 35 என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே தொட்டிக்கு. மிதவை போட்டு அளக்கும் மலிவான கருவி ஏமாற்றும்.

தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நின்றுவிடும். இதை மறந்தவர்களின் தொட்டிகளில்தான் விபத்து நடக்கிறது. 100 லிட்டர் தொட்டியில் கோடையில் மின்விசிறி வைத்து நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்ளுங்கள். மூன்று நாளில் 35 என்பது 37ஐத் தாண்டிவிடும். நான்காம் நாள் ஞாபகம் வந்து 6 லிட்டர் நல்ல நீரை ஒரேயடியாக ஊற்றினால் அதே வேகத்தில் கீழே இறங்கும். இரண்டு அடியும் நட்சத்திர மீனின் உடம்பில்தான் விழும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, தினமும் காலையும் மாலையும் உப்பில்லாத ஆர்.ஓ. நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தானாக நிரப்பும் கருவியும் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கருவிக்குப் பணம் செலவழிக்கலாம் என்பேன்.

வெப்பம் 24 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அறையே 35ஐத் தாண்டும் ஊரில் இது எளிதல்ல. ஒன்று மட்டும் நமக்குச் சாதகம். கடற்கரையைவிட இங்கே காற்று வறண்டது, அதனால் நீர்ப்பரப்பில் மின்விசிறிக் காற்றைப் படவிட்டால் ஆவியாதல் நன்றாக நடந்து நீர் சில டிகிரி குளிரும். சென்னையில் அதே விசிறி அவ்வளவு குளிர்ச்சி தராது. ஆனாலும் சித்திரை வெயிலுக்கு விசிறி மட்டும் போதாது, நீர் குளிரூட்டி வேண்டும். அது தொட்டியைவிட விலை அதிகமாகலாம். அந்தச் செலவு முடியாதென்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நேர்மை. தகரக் கூரை, மொட்டைமாடி அறை, மேற்குச் சுவர் ஓரம் ஆகாது. கீழ்த்தள உள்ளறை நல்லது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். கடல்நீரில் ஆக்சிஜன் நல்ல நீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும், சூடானால் இன்னும் குறையும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டு மோட்டாருக்குக் கொடுங்கள்.

ஆட்டையாம்பட்டி போன்ற ஊரில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே முறுக்கு சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ப் புகை பறந்து வந்து நீர்ப்பரப்பில் படலமாகப் படியும். அது காற்று நீரில் கரைவதைத் தடுக்கும். கழிவுப் புரதத்தை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவியில் எண்ணெய் கலந்தால் நுரையே எழும்பாது. கொசு விரட்டும் திரவ மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை போதும்.

தொட்டியை நிரப்பியதும் நட்சத்திர மீனை விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பின் இரண்டு கோமாளி மீன்களை விட்டு, நத்தை விட்டு, ஆறு மாதம் கழித்து நட்சத்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10க்குள், பி.எச். 8.1 முதல் 8.4 வரை. அலங்காரத்துக்குப் பவளப் பாறை கேட்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. சூளையில் சுட்ட செயற்கைப் பாறைகள் அந்த வேலையைச் செய்யும்.

இனி வகைகள். நம் கடைகளில் அடிக்கடி காண்பது சாம்பல் உடம்பில் சிவப்புக் குமிழ்கள் துருத்தி நிற்கும் நட்சத்திரம். புரோட்டோரியாஸ்டர் லிங்கி என்பது அதன் அறிவியல் பெயர். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் உண்டு, நண்டு வலையில் வேண்டாமலே மாட்டிக்கொண்டு வரும். ராமேஸ்வரம் கடைகளில் காயவைத்து விற்கும் நட்சத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும். தொட்டிக்கு வளர்ப்பில் குஞ்சு பொரித்து விற்பது இல்லை, கடையில் இருக்கும் ஒவ்வொன்றும் கடலிலிருந்து எடுத்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவித்த தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று கடையில் கேட்பதில் தவறில்லை.

இந்தச் சிவப்புக்குமிழ்க்காரர் ஒரு வேட்டைக்காரர். நத்தை, சிப்பி, கடற்பஞ்சு எது கிடைத்தாலும் தின்பார், 30 சென்டிமீட்டர் வரை வளர்வார். பவளமும் சிப்பியும் வளர்க்கும் தொட்டிக்கு ஆகாது. ஆனால் மீன் மட்டும் உள்ள பெரிய தொட்டியில், குறைந்தது 300 லிட்டரில், வளர்க்க இவரே ஏற்றவர். காரணம், கையால் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவார்.

லிங்கியா என்ற நீல நட்சத்திரம் நேர்மாறு. பாறை மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்து வாழ்வது. பவளத்திட்டில் அதற்கு ஏக்கர் கணக்கில் மேய்ச்சல் உண்டு. நம் தொட்டியில் இருக்கும் படலம் சில வாரத்தில் தீர்ந்துவிடும், இறால் துண்டை வைத்தாலோ பெரும்பாலும் தொடாது. அழகில் மயங்கி வாங்கப்படுவதும் இதுதான், அதிகம் சாவதும் இதுதான். மணலுக்குள் புதைந்து அலையும் வகையும் அப்படியே. மணலிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்தபின் மணலுக்கடியிலேயே செத்துக் கிடக்கும், நமக்குத் தெரியாது. பிரிட்டில் ஸ்டார் என்று விற்கப்படும், பாம்பு போல் நெளியும் மெல்லிய கைகள் கொண்டவை நெருங்கிய உறவினர்கள். பாறை இடுக்கில் ஒளிந்து சிதறிய தீனியைத் தின்று நன்றாகவே வாழும். புதிதாகத் தொடங்குபவருக்கு இவற்றைத்தான் சொல்வேன். அதில் பச்சை நிறப் பெரிய வகை மட்டும் இரவில் தூங்கும் மீனைப் பிடித்துவிடும்.

நட்சத்திர மீன்கள் துப்புரவுப் பணியாளர்கள் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது, அது சரியல்ல. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் ஒரு பாறைத் திட்டிலிருந்து பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீன்களை மட்டும் திரும்பத் திரும்ப அகற்றிப் பார்த்தார். 1966இல் அவர் எழுதியபடி, அந்த இடத்தைச் சிப்பிகள் ஆக்கிரமிக்க, 15 இனங்கள் இருந்த திட்டில் 8 இனங்களே மிஞ்சின. சிப்பிகளைத் தின்று மற்றவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த நட்சத்திர மீன். கடலில் புலியின் இடத்தில் இருப்பதைத் தொட்டியில் கொண்டுவந்து கண்ணாடி துடைக்கச் சொல்கிறோம்.

தீனிக்கு வருவோம். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போதே இதற்கும் வாங்கிவிடலாம். ஓட்டுடன் இருக்கும் பச்சை இறால், கணவாய், கிடைத்தால் மட்டிச் சதை. பண்ணை வனாமி இறாலும் சரியே. ஓடு நீக்கி உறையவைத்த பாக்கெட் இறாலை எடை கூட்டுவதற்காகப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்திருக்க வாய்ப்புண்டு, அது தொட்டியில் பாசியை வளர்க்கும். மேட்டூர் அணை மீன் நமக்குக் குழம்புக்கு நன்றாக இருக்கும், இதற்குத் தொடர்ந்து போடுவதற்கு ஏற்றதல்ல. நல்ல நீர் மீன்களின் கொழுப்பு வேறு. மஞ்சள் தடவியது, உப்பு போட்டது, வேகவைத்தது எதுவும் வேண்டாம். வாங்கிய அன்றே கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துவிட்டால் இரண்டு மாதக் கவலை இல்லை.

உள்ளங்கை அளவு நட்சத்திரத்துக்கு சுண்டுவிரல் நகத்தளவு துண்டு ஒன்றிரண்டு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். பொட்டலத்தைத் தொட்டி நீரிலேயே கரையவிட்டு, பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து ஒரு கையின் நுனிக்கு அருகில் வையுங்கள். வாசனை பட்டதும் குழாய்க்கால்கள் நீளும், துண்டைப் பற்றி கைக்குக் கை மாற்றி நடுவிலுள்ள வாய்க்குக் கொண்டுபோகும். பிறகு உடம்பு குவிந்து மேடாகி அப்படியே நிற்கும். அடியில் நடப்பது விசித்திரமானது. வயிற்றின் ஒரு பகுதியை வாய் வழியாக வெளியே தள்ளி, இரையின் மேல் போர்த்தி, வெளியிலேயே செரிக்க வைத்துக் குழம்பாக உறிஞ்சிக்கொள்ளும். சிப்பியானால் இரு பக்கமும் கால்களால் இழுத்து, தாள் நுழையும் அளவு திறந்தாலே போதும், வயிற்றை உள்ளே விட்டுவிடும். இதற்கு ஒன்றிரண்டு மணி நேரமோ கூடுதலோ ஆகும். அந்த நேரத்தில் தூக்கிப் பார்க்கக் கூடாது.

தொல்லை கொடுப்பவர்கள் கூட இருக்கும் மீன்கள். நட்சத்திரம் மெல்ல வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பறித்துவிடுவார்கள். பக்கவாட்டில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, செரித்து முடியும்வரை விட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்தும் தொடாமல் கிடக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும், விட்டால் அமோனியா. நன்றாகத் தின்னும் நட்சத்திரம் கைகள் பருத்து, தொட்டால் விறைப்பாக இருக்கும். கைகள் ஒட்டி, நடுப்பகுதி அமுங்கத் தொடங்கினால் தீனி போதவில்லை. மாதம் ஒரு முறை அதே இடத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிட்டால் இந்த மெதுவான மாற்றம் பிடிபடும். தினமும் பார்க்கிற கண்ணுக்குப் பிடிபடாது.

வாங்கும்போது ஒரு சோதனை உண்டு. நீருக்குள்ளேயே அதைப் புரட்டிப்போடச் சொல்லுங்கள். நல்ல நட்சத்திரம் ஒரு கையை மடக்கிப் பிடித்து சில நிமிடத்தில் நிமிர்ந்துவிடும். வெள்ளைப் புண், உருகினாற்போன்ற கை நுனி, தளர்ந்து தொங்கும் உடம்பு இருந்தால் வேண்டாம். காற்றில் தூக்காமல், நீரோடு டப்பாவில் பிடித்துப் பையில் போட வேண்டும். செலவைக் குறைக்கவும் நோயைத் தடுக்கவும் உப்பைக் குறைத்து 1.020 அளவில் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பை நீரை அளப்பது. பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீரோடு விட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக நீரை இறக்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். கொளத்தூரிலிருந்து இரவு வண்டியில் வந்து தூக்கம் சொக்கினாலும் இதில் அவசரப்படக் கூடாது. பையைத் தொட்டியில் அரை மணி மிதக்கவிட்டுக் கொட்டும் வழக்கம் தங்கமீனுக்குப் பரவாயில்லை.

கிளாத்தி, பேத்தை இரண்டையும் கூட வைக்காதீர்கள், கை நுனியைக் கடித்துவிடும். ஹார்லிக்வின் இறால் என்ற அழகான இறால் ஒன்று உண்டு, அதன் சாப்பாடே நட்சத்திர மீன்தான். மோட்டாரின் நீர் உறிஞ்சும் வாயில் பஞ்சு வலை கட்டாவிட்டால் ஊர்ந்துபோய் மாட்டிக்கொள்ளும். ஒரு கை அறுந்தாலும், நீர் சரியாக இருந்தால், மாதக்கணக்கில் மெல்ல முளைக்கும். கை அறுந்ததைவிடப் பயப்பட வேண்டியது உடம்பு கரையத் தொடங்குவது. 2013 முதல் வட அமெரிக்கக் கரையில் நட்சத்திர மீன்களைக் கோடிக்கணக்கில் கரைத்துக் கொன்ற நோய் வேறு, வீட்டுத் தொட்டியில் நடப்பது பெரும்பாலும் உப்பு அதிர்ச்சியின் பின்விளைவு. தெளிவான மருந்து இல்லை. கரையத் தொடங்கியதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இறந்துவிட்டால் அன்றே எடுத்துவிடுங்கள், பெரிய நட்சத்திரம் ஒன்று உள்ளே அழுகினால் ஒரே இரவில் மற்ற மீன்களும் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். புதிய நீரின் உப்பும் வெப்பமும் தொட்டியில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டியிலிருந்து அப்படி எடுக்கும் 30 லிட்டர் உப்புநீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், கறிவேப்பிலையும் பூச்செடியும் தாங்காது. நல்ல நீரோடு சேர்த்துச் சாக்கடையில் விட்டுவிடுங்கள்.